மணலில் கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

மூன்றாவதும் கடைசியுமான பகுதிக்கு விசில் ஊதியபோது விண்ணரசி பந்தைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதே என்றுதான் கோச் ரெமா சேச்சி இடைவேளையில் சொல்லி அனுப்பியிருந்தார். எதிர் கோலுக்குப் பின்னால் கடல், கடலுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் சூரியன், அது இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிடும் என்பதை அவளுடைய கண் ஒத்துக்கொள்ளவே மறுத்தது. அவள் ஊரான பெரியதாழையில் சூரியன் கடலிலிருந்து ஏறி வரும். தேரிக்காட்டுச் செம்மணலுக்குப் பின்னால் போய் விழும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். இந்தப் போர்த்துகல் கடற்கரையில் எல்லாமே உள்பக்கம் வெளியே தெரியப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. மணல் சோளக்குருணை போலப் பெரிது பெரிதாக, காலில் ஒட்டாமல் உதிர்ந்தது. தண்ணீர் ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டதுபோலக் குளிர்ந்தது. வந்த முதல் நாள் அணி மொத்தமும் ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டு அதே வேகத்தில் கரைக்குத் திரும்பி ஓடியது. வாடை மட்டும் ஊர் வாடை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று நாளாகத் தூங்கினாள். சூரியனிலிருந்து கண்ணைப் பிடுங்கி ஸ்கோர் பலகையைப் பார்த்தாள். இந்தியா மூன்று, போர்த்துகல் மூன்று. இரண்டு பகுதி ஆடி முடித்த பிறகும் மூன்றுக்கு மூன்று. அதைப் படிக்கப் படிக்கப் பயம் வந்தது. தோற்றுக்கொண்டிருக்கும்போது அவளுக்கு இந்தப் பயம் வந்ததில்லை. தோல்வி பழகிய பாதை, எங்கே குழி, எங்கே கல் என்று காலுக்கே தெரியும். இது புது இடம். இங்கே எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் இடது கையால் கோல் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து சுட்டது. பந்து வலது ஓரமாக வந்துகொண்டிருந்தது, அவள் உடம்பு அவளைக் கேட்காமலே அந்தப் பக்கம் சாய்ந்தது.

தடுத்துவிட்டாள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பந்து கைக்கு வந்ததும் நடுவர் விரலை விரித்து எண்ணத் தொடங்கினார். மணல் கால்பந்தான பீச் சாக்கரில், கோல் காக்கிற கோலி நாலு வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. அந்த நாலு வினாடிக்குள்தான் அவளுக்கு உலகத்தில் உள்ள எல்லா நினைப்பும் வரும். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை வந்தது, துபாயில் ஒரு பயிற்சி ஆட்டத்தில். இப்போது வந்தது பதினாலு. அது எப்போதும் வரும். முதன்முதலாகப் பெண்களுக்கு ஒரு தேசிய பீச் சாக்கர் அணி கூட்டிச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, முதல் ஆட்டத்தில் ஸ்பெயின்காரிகள் பதினாலு கோல் போட்டார்கள். இவர்கள் பூஜ்யம். அடுத்த ஆட்டம் ஒன்பது. அடுத்த வருடம் போன போட்டியில் எட்டு, ஏழு, மறுபடி ஒன்பது. இதுவரை ஆடிய சர்வதேச ஆட்டம் அத்தனையிலும் தோல்வி, ஒன்றுகூட மிச்சமில்லை. யாராவது அணியின் பெயரைத் தேடிப் பார்த்தால் 'வெற்றி' என்ற கட்டத்தில் ஒரு முட்டைதான் இருக்கும். அந்த முட்டையைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். பதினாலைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. மீன் ஏலம் நடக்கிற இடத்தில், கோயில் வாசலில், 'பதினாலு போறா' என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான். அதனாலேயே பதில் சொல்ல முடியாது. அந்த முதல் பயணம் முடிந்து தூத்துக்குடி பஸ்ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது அவள் புருசன் சந்தியாகு டிவிஎஸ்ஸோடு நின்றான். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டான். திருச்செந்தூரைத் தாண்டினார்கள். அப்புறம் வண்டியை ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "பதினாலு உள்ள போச்சுன்னுதான் எல்லாவனும் சொல்லுதான். எத்தன வெளிய போச்சுன்னு எவனாவது எண்ணுனானா?" நடுவரின் நாலாவது விரலுக்கு முன் பந்தை இடது பக்கம் எறிந்தாள். தொம்பி அதை நெஞ்சில் வாங்கினாள்.

தொம்பி மணிப்பூர்க்காரி, கேப்டன். கடலையே இருபது வயதுக்கு மேல்தான் பார்த்தவள். முதல் முகாமில் மணலில் ஓடத் தெரியாமல் ரெண்டு எட்டுக்கு ஒருதரம் விழுந்தாள். தேரி மணலில் ஓடி வளர்ந்த விண்ணரசிதான், குதிகாலை ஊன்றாதே, விரலால் மணலைக் கவ்வு என்று சைகையில் காட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. பாதி ஹிந்தி, பாதி கை. இப்போது அவள் ஓடுவதைப் பார்த்தால் அந்த மணலுக்கே பிறந்தவள் போலிருந்தது. பந்தைக் காலில் தூக்கி, கீழே விடாமல் முட்டியில் தட்டி, இன்னொரு தட்டு தட்டி, அடித்தாள். எதிர் கோலி குத்தி வெளியே தள்ளினாள். பார்வையாளர்கள் ஹோ என்றார்கள். போர்த்துகல்காரர்கள் தங்கள் பெண்களுக்குத்தான் கைதட்ட வந்தவர்கள், ஆனாலும் இந்தச் சின்ன உருவத்துப் பெண்ணுக்கும் தட்டினார்கள். காலையில் சாப்பாட்டு மேசையில் மானேஜர் தாழ்ந்த குரலில் சொன்னதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இதுவும் தோல்வி என்றால் அடுத்த வருடம் இந்த அணி இருக்குமா தெரியாது, கலைத்துவிடலாம் என்று பேச்சு இருக்கிறது என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். தொம்பி முட்டையை உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்த முட்டையைச் சாப்பிடாமல் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். விண்ணரசிக்கு அடுத்த வருடம் என்ன நடக்கும் என்பதை நினைக்க வராது. அவளுக்கு அடுத்த பந்து வரைக்கும்தான் நினைப்பு ஓடும், அதைத் தாண்டினால் ஒரு வெள்ளைப் புகை. கலைத்துவிட்டால் என்ன, தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, சந்தியாகு இருக்கிறான். எல்லாம் இருக்கிறது. ஆனால் பந்தை நோக்கி உடம்பைத் தூக்கி எறிகிற அந்த ஒரு நொடி, தரையிலிருந்து எல்லாமே விட்டுப்போய் அவள் அந்தரத்தில் கிடக்கிறாளே, அது வேறு எங்கே இருக்கிறது. அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்.

போர்த்துகல் அணியின் எட்டாம் நம்பர் உள்ளே வந்தாள். பீச் சாக்கரில் ஆட்டத்தை நிறுத்தாமலே ஆளை மாற்றிக்கொள்ளலாம், அவள் கோட்டோரம் நின்று தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தன் வீட்டு முற்றத்துக்கு வருவதுபோல வந்தாள். வயது நாற்பது இருக்கும். முன்நெற்றியில் நரை. முதுகில் மோத்தா என்று எழுதியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது விண்ணரசி அந்த முதுகுகளைத்தான் வாய்பிளந்து படித்துக்கொண்டிருந்தாள். மச்சாது. கோஸ்தா. ரொட்ரிகோ. மோத்தா. எல்லாம் அவள் தெருவில் உள்ளவர்களின் பெயர். மச்சாது வீட்டில்தான் அவள் பால் வாங்குவாள். கோஸ்தா வாத்தியார்தான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எப்பவோ கப்பலில் வந்த போர்த்துகீசியர்கள் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அது பாடம், பரீட்சைக்கு எழுதுகிறது. அந்தப் பெயர்களை உண்மையிலேயே ஒரு கடற்கரையில் ஆள் உருவத்தோடு, வியர்வையோடு, தொடையில் மணலோடு பார்ப்பாள் என்று அவள் நினைத்ததில்லை. அப்போது எட்டாம் நம்பர் அவள் பின்னால் வந்து நின்று, அவளுடைய பனியனில் இருந்த எழுத்தின்மேல் விரலை வைத்து வாசித்தாள். "கொர்ரேயா?" கொரைரா என்றுதான் ஊரில் சொல்வார்கள். அப்பா பெயர் அந்தோணி கொரைரா. விண்ணரசி திரும்பித் தலையாட்டினாள். எட்டாம் நம்பர் தன் நெஞ்சில் தட்டி "மோத்தா" என்றாள். பிறகு நீளமாக ஏதோ கேட்டாள். விண்ணரசிக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, சும்மா நிற்கவும் மனசில்லை, தமிழிலேயே சொன்னாள்: "எங்க தெருவுல மோத்தா நாலு வீடு இருக்கு." எட்டாம் நம்பர் மிகவும் கவனமாகக் கேட்டாள், எல்லாம் விளங்கியதுபோல அவள் தோளை அழுத்திவிட்டுப் போனாள். என்ன கேட்டிருப்பாள். உங்கள் ஊர் எது என்றா, இந்தப் பெயர் உனக்கு எப்படி என்றா, எங்கள் பெயரை எங்கேயிருந்து எடுத்தாய் என்றா. எடுக்கவில்லை, கொடுத்தீர்கள், நாங்கள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். எந்த மொழியில் சொல்வது. அந்த நினைப்பு அங்கேயே மாட்டிக்கொண்டு சுற்றியது, அவள் கேட்டது என்ன, அவள் கேட்டது என்ன என்று, பந்து இடது மூலையிலிருந்து மேலே எழும்பி வருகிற வரைக்கும்.

பந்து உயரத்தில் வந்தது. எட்டாம் நம்பர் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நின்றவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள், விழுகிறாள் என்றுதான் விண்ணரசி நினைத்தாள், மணல் வழுக்கியிருக்கும் என்று. விழவில்லை. ஒரு கால் எழும்பியது, அதை விட்டுவிட்டு இன்னொரு கால் எழும்பியது, உடம்பு தலைகீழாகக் காற்றில் படுத்தது, அந்த நரைத்த முடி தரையைப் பார்த்துத் தொங்கியது, பாதம் வானத்தில் பந்தைச் சந்தித்தது. சிசர் கட். ஊர்ப் பையன்கள் அடிப்பார்கள், பத்தில் ஒன்று படும். இது வேறு. இதில் அவசரமே இல்லை. காதில் சூரியன் பட்டுச் சிவந்ததுகூடத் தெரிந்தது. விண்ணரசி கையைத் தூக்கினாள், தூக்கினாளா, இல்லை, பிறகு நினைத்துப் பார்த்தால் கை தொங்கித்தான் கிடந்தது. தன் வேலை பந்தைத் தடுப்பது என்பதே மறந்துபோயிற்று. பிள்ளை பிறந்தபோது நர்ஸ் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாளே, அப்போது வலி மறந்துபோய்ப் பார்த்தாளே, அந்தப் பார்வை. பந்து அவள் காதோரம் போய் வலையில் அடித்து, வலை முழுக்கப் புடைத்து, கீழே விழுந்து உருண்டது. மூன்றுக்கு நாலு. கூட்டம் எழுந்து நின்றது. எட்டாம் நம்பர் முதுகடியாக விழுந்து கிடந்து மேலே பார்த்தபடி சிரித்தாள். விண்ணரசிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், பதினாலு வந்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. இதை இவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று வந்தது. கைதட்டுகிறவர்களெல்லாம் எட்டத்தில் இருந்தார்கள், பின்பக்கம் இருந்தார்கள். அது தன் முகத்துக்கு நேரே நடந்தது. வலையிலிருந்து பந்தை எடுத்தாள். ரெமா சேச்சி கோட்டோரத்திலிருந்து மலையாளத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "விண்ணு, கண்டது போதும். இனி களி."

ஆடினாள். அதன்பிறகு நேரம் எப்படிப் போனது என்பது அவளிடம் ஒழுங்காக இல்லை, துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குள் மணல் போனது. ஒரு பந்து முட்டியில் பட்டு வெளியே போனது. கார்னரிலிருந்து வந்த பந்தில் நாலைந்து பேர் விழுந்து புரண்டார்கள், அந்தக் குவியலுக்குள்ளிருந்து தொம்பியின் கால் மட்டும் நீண்டு பந்தைத் தள்ளியது, பந்து கொஞ்சம்கூட வேகம் இல்லாமல், போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல உருண்டு கோட்டைத் தாண்டியது. நாலுக்கு நாலு. அழகே இல்லாத கோல். எட்டாம் நம்பர் போட்டதுக்கும் ஒன்றுதான், இதுக்கும் ஒன்றுதான் கணக்கு என்பது விண்ணரசிக்கு அதிசயமாக இருந்தது. பிறகு அவள் கையில் மறுபடியும் பந்து. நடுவர் விரல் விரித்தார். இந்தத் தடவை அடுப்பும் வரவில்லை, பதினாலும் வரவில்லை. மைதானம் மட்டும் வந்தது, முழுதாக, கழுவி வைத்த தட்டு மாதிரி. எதிர்க் கோலுக்குப் பக்கத்தில் கோவாக்காரி ஷெரில் தனியாக நின்றாள். அணியிலேயே உயரமானவள், அவளை யாரும் பிடித்து நிற்கவில்லை. சூரியன் விண்ணரசியின் முகத்துக்கு நேரே, ஷெரில் ஒரு கறுப்பு நிழல்தான். அந்த நிழலின் தலைக்கு எறிந்தாள். தோள்பட்டையில் ஏதோ பிசகிய மாதிரி வலித்தது. பந்து வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் வந்தது, கூட்டத்திலிருந்து இல்லை, தங்கள் பெஞ்சிலிருந்து, பத்துப் பன்னிரண்டு தொண்டை சேர்ந்து ஒரே சத்தம். ஐந்து, நாலு. இந்தியா ஐந்து. பலகையில் மூன்று நாலாகி, நாலு ஐந்தாகி நின்றதை அவள் வாய்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ஒரு கோல் முன்னால் நிற்பது எப்படி என்று அணியில் ஒருத்திக்கும் தெரியாது. எல்லோரும் பின்னுக்கு ஓடிவந்து கோலின் முன்னால் குவிந்தார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். கடைசி நிமிடத்தில் ஷெரில் எட்டாம் நம்பரின் காலைத் தட்டிவிட்டாள். வேண்டுமென்று இல்லை, பதற்றம். விசில். பீச் சாக்கரில் ஃப்ரீ கிக் என்றால் நடுவில் சுவர் கட்டி நிற்கக் கூடாது. யாரைத் தட்டினார்களோ அவள்தான் அடிக்க வேண்டும். மற்ற எல்லோரும் பந்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். போனார்கள். விண்ணரசிக்கும் எட்டாம் நம்பருக்கும் இடையில் மணல் மட்டும் மிச்சம் இருந்தது. எட்டாம் நம்பர் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மணலைக் கூட்டிச் சின்ன மேடு கட்டினாள், பந்தை அதன்மேல் வைத்தாள், வைத்துத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பிள்ளைகள் கடற்கரையில் வீடு கட்டுகிற மாதிரி. கடிகாரம் நின்றது. காற்றுகூட நின்றது போலிருந்தது விண்ணரசிக்கு. நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு கேள்வி, கோபமில்லாமல், யாரோ வழியில் நின்று விசாரிப்பதுபோல வந்தது. எவ்வளவு பெரிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வந்து, பெயரைக் கொடுத்தவர்களுடைய கரையில், கால் விரலால் மணலைக் கவ்விக்கொண்டு நிற்கிறேன். இவள் அடிக்கப்போகிறாள். இவள் நன்றாக அடிப்பாள். நன்றாக அடித்தால் உள்ளேதான் போகும், அதுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி நினைத்ததும் உடம்பு லேசாகிவிட்டது. பயப்படுவதுக்கு இருந்த ஆள் எங்கேயோ எழுந்துபோய்விட்டாள். எட்டாம் நம்பர் எழுந்தாள். ஒருகணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், வேறு யாரும் அங்கே இல்லாததுபோல. அப்புறம் ஓடிவந்து அடித்தாள். விண்ணரசி வலப்பக்கம் பாய்ந்தாள். பந்து வந்தது இடப்பக்கம்.

அவள் அந்தரத்தில் இருந்தாள், தப்பான பக்கத்தில். இதை இனித் திருத்த முடியாது, கீழே விழுகிற வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பந்து தாழ்வாக, அம்பு மாதிரி வந்து, கோலுக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் மணலில் பட்டது. யாருடைய குதிகாலோ தோண்டிய குழி, எப்போது தோண்டியதோ. அதன் விளிம்பில் பட்ட பந்து திசையை மாற்றிக்கொண்டு குறுக்கே எம்பி அவள் பக்கமே வந்தது. இடது தோளில் அடித்தது. எலும்பில் அடித்த சத்தம் தலைக்குள் கேட்டது. மேலே போனது. அவள் மல்லாக்க விழுந்து பார்த்தாள், பந்து குறுக்குக் கம்பத்தின் மேல் ஒருதரம் உட்கார்ந்து எழுந்து வலைக்கு வெளியே, அந்தப் பக்கம் விழுந்தது. அவள் எதுவும் செய்யவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது, வாழ்நாள் முழுக்கத் தெரியும். ஆட்டம் முடிந்ததற்கு ஹாரன் அடித்தது, நீளமாக, கப்பல் சத்தம் மாதிரி.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாக ஹாரன் அடித்ததும் இவர்கள் நடுக்கோட்டுக்குப் போய், தலையைக் குனிந்து வரிசையாக நின்று, கொண்டாடிவிட்டு வருகிற எதிரணிக்குக் கைகொடுப்பார்கள். இப்போதும் பாதிப்பேர் அப்படியே போய் நின்றுவிட்டார்கள். போர்த்துகல் பெண்கள் இடுப்பில் கையை வைத்துத் தள்ளி நின்றார்கள், ஜெயித்தவர்கள் ஆடி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஆடுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை. தொம்பி திரும்பி நடந்து கோல் வரைக்கும் வந்தாள். முகமெல்லாம் மணல். மிகவும் மெதுவாக, கோயிலுக்குள் பேசுவதுபோல ஹிந்தியில் கேட்டாள்: "தீதி, இப்ப என்ன செய்யணும்?"

"தெரியலயேடி," என்றாள் விண்ணரசி, தமிழில். தொம்பிக்கு விளங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து ஷெரில் வந்து உட்கார்ந்தாள், பெஞ்சில் இருந்தவர்கள் வந்தார்கள், ரெமா சேச்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். மானேஜர் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார், மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்பது எல்லோருக்கும் கேட்டது. எட்டாம் நம்பர் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே வந்து ஒவ்வொருத்தி கையையும் குனிந்து குலுக்கினாள், விண்ணரசியிடம் வந்தபோது அந்தத் தோளைத் தொடாமல் தலையைத் தொட்டாள். விண்ணரசிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நெஞ்சு பெரிதாகிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது, எவ்வளவு தூரம் பெரிதாகும் என்று கொஞ்சம் மலைப்போடு கவனித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டத்துக்காக மணலைச் சமப்படுத்துகிற ஆட்கள் நாலுபேர் அகலக் குச்சிவாருகோலோடு உள்ளே வந்தார்கள். மறுமுனையிலிருந்து வாரத் தொடங்கி, கோடு கோடாக இழுத்துக்கொண்டு இவர்கள் இருந்த இடம் வரை வந்தார்கள். வந்து நின்றார்கள். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பிறகு வாருகோலைத் திருப்பி, அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் சுற்றி, அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்ச மணலையெல்லாம் மெதுவாக வாரிக்கொண்டு போனார்கள்.